ஃபிரேசர் தீவு மணலில் நாலு நாள்: டயர்ல எவ்வளவு காத்து, டெய்லர் மீனுக்கு எங்கே நிக்கிறது?

தெற்கு_அலை | 12 ஜூலை 2024, இரவு 9.10

ஆகஸ்ட் 24-லிருந்து 28 வரைக்கும் ஆஸ்திரேலியாவுல, குயின்ஸ்லாந்து கரைக்கு அப்பால இருக்கிற ஃபிரேசர் மணல் தீவுக்கு (இப்போ அதிகாரப்பூர்வமா கர்ரி) போறோம். நாலு பேர், ரெண்டு வண்டி. ஒண்ணு டொயோட்டா பிராடோ (நாலு வீல் டிரைவ்), இன்னொண்ணு சாதாரண ஏ.டபிள்யூ.டி (ஆல் வீல் டிரைவ்) எஸ்யூவி, சிவிடி (பெல்ட் வச்ச ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ். இன்ஸ்கிப் பாயிண்ட்ல பார்ஜ் (வண்டி ஏத்துற படகு) ஏறி, கிழக்குக் கரையோரமாவே இந்தியன் ஹெட் வரைக்கும் ஓட்டி, அங்கே பாறை மேல நின்னு டெய்லர் பிடிக்கிறதா திட்டம்.

டயர்ல 25 பி.எஸ்.ஐ போதும், கரை மணல் கெட்டி, ஏ.டபிள்யூ.டி தாராளமா போகும்னு கூட வர்ற நண்பன் அடிச்சுச் சொல்றான். சரியா?

மண்மூடி | 12 ஜூலை 2024, இரவு 10.02

உங்க நண்பர் சொல்றது லோ டைட் (கடல் வத்தின) நேரத்துல, ஈர மணல்ல, நேர்க்கோட்டுல ஓட்டுற வரைக்கும் சரி. அப்போ 25-லயும் போகும், 35-லயும் போகும். பிரச்சினை ஈர மணல்ல இல்ல. இன்ஸ்கிப்ல பார்ஜுக்குக் காத்திருக்கிற இடம், தீவுப் பக்கம் ஹூக் பாயிண்ட்ல பார்ஜ்லருந்து இறங்கி ஏறுற இடம், கரையிலிருந்து கேம்ப்புக்குத் திரும்புற இடம், பாறைகளுக்குப் பின்னால போற பைபாஸ். இந்த நாலுலயும் மணல் காய்ஞ்ச மாவு. புதையறவன் எல்லாம் அங்கதான் புதையறான்.

பிராடோவுக்கு 18-ல ஆரம்பிங்க. அந்த எஸ்யூவிக்கும் 18. இறக்குறது இன்ஸ்கிப் மணல்ல கால் வைக்கிறதுக்கு முன்னால, தார் முடியற இடத்துல. மாட்டின பிறகு குனிஞ்சு காத்து இறக்குறது வரிசையில பின்னால நிக்கிறவங்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

தூண்டில்காரி | 13 ஜூலை 2024, காலை 6.25

டயரை அப்புறம் பார்க்கலாம். திட்டமே தப்பு. இந்தியன் ஹெட்டுக்குத் தெற்கே 400 மீட்டர்லருந்து வாடி பாயிண்ட்டுக்கு வடக்கே 400 மீட்டர் வரைக்கும், ஆகஸ்ட் 1-லிருந்து செப்டம்பர் 30 வரை மீன்பிடிக்கத் தடை. டெய்லர் முட்டையிடக் கூட்டமா அங்க சேர்ற காலம் அது, அதனாலதான். நீங்க போற தேதி சரியா நடுவுல விழுது. பாறையைப் பார்க்கலாம், மேல ஏறி நின்னு திமிங்கிலம் பார்க்கலாம் (அதுக்கு ஆகஸ்ட் அருமையான மாசம்). தூண்டில் வண்டியிலேயே இருக்கட்டும்.

தெற்கு_அலை | 13 ஜூலை 2024, காலை 8.40

அடடா. அப்போ வேற இடம்? அவ்வளவு தூரம் போறதே டெய்லருக்குத்தான்.

தூண்டில்காரி | 13 ஜூலை 2024, காலை 9.15

பாறையே வேண்டாம். அந்தக் கூட்டம் முழுக்க கரையோரமாத்தான் நகருது. டண்டுபாரா முகாமுக்குத் தெற்கேயிருந்து பொயுங்கன் ராக்ஸ் பாறைங்க வரைக்கும் எந்த நல்ல கட்டர்லயும் கிடைக்கும். கட்டர்னா கரைக்கும் வெளி மணல்திட்டுக்கும் நடுவுல ஓடுற ஆழமான வாய்க்கால். அதை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு சாயங்காலம் எழுதுறேன். ஒரு வரியில சொல்ற விஷயம் இல்ல.

டீசல்_கருப்பு | 13 ஜூலை 2024, மதியம் 1.30

அந்த எஸ்யூவி பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலையே. பூங்காத் துறையே தரையிலிருந்து உயரமான, லோ ரேஞ்ச் (மெதுவா, பலமா இழுக்கிற கியர்) இருக்கிற வண்டியைத்தான் சிபாரிசு பண்ணுது. காரணம் ரெண்டு.

முதல்ல உயரம். உள் பாதையிலயும் ஏறு வழியிலயும் பெரிய வண்டிங்க போட்ட தடம் ரெண்டு பக்கமும் ஆழமா இருக்கும், நடுவுல மணல் மேடு. 200 மில்லிமீட்டர் உயரமுள்ள வண்டியோட வயிறு அந்த மேட்டுல உட்காரும். வயிறு உட்கார்ந்துட்டா சக்கரத்துக்கு எடையே வராது. அப்புறம் டயர்ல எவ்வளவு குறைச்சாலும் பிரயோஜனம் இல்ல.

ரெண்டாவது சூடு. மெது மணல்ல குறைஞ்ச வேகத்துல அதிக இழுவை கேட்டா சிவிடி எண்ணெய் கொதிக்கும். பின் சக்கரத்துக்கு விசை அனுப்புற கிளட்ச் கப்ளிங்கும் சூடாகும். வண்டி தன்னைக் காப்பாத்திக்க பின் சக்கரத்தைத் துண்டிச்சுடும். டாஷ்போர்டுல விளக்கு எரியும், நீங்க முன் சக்கர வண்டி ஓட்டிட்டு இருப்பீங்க. கடல் ரெண்டு மணி நேரத்துல அங்க வரும்.

என் யோசனை: எஸ்யூவியை பார்ஜுக்கு இந்தப் பக்கம் ரெயின்போ பீச் ஊர்ல விட்டுட்டு நாலு பேரும் பிராடோவுல போங்க. சாமான் குறையும். அது நல்லதுதான்.

பாக்குநீரிணை | 13 ஜூலை 2024, மாலை 5.05

கருப்பு சொல்றது சரி, ஆனா ஒரே வண்டியில போறதிலயும் ஒரு சிக்கல் இருக்கு. புதைஞ்சா இழுக்க ஆள் இல்லை. அந்தக் கரையில பகலில வாகனங்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கும், உதவியும் செய்வினம், ஆனா பைபாஸ் தடத்திலை பொழுதுபட்டால் ஒருத்தரும் வரமாட்டினம். மெய்யான நாலு வீல் டிரைவ் ஒண்டு வாடகைக்கு எடுத்தால் நல்லது. எடுக்க முன்னம் காப்புறுதிப் பத்திரத்தை வடிவா வாசியுங்கோ. கனபேரின்ரை பத்திரத்திலை மணலும் உப்புத்தண்ணியும் வராது.

தூண்டில்காரி | 13 ஜூலை 2024, இரவு 8.20

கட்டர் பார்க்கிற விதம்.

லோ டைட்ல, வெயில் உச்சியில இருக்கும்போது, மணல்மேட்டு ஓரத்துல உயரமான இடத்துல நின்னு பாருங்க (மேட்டு மேல செடியை மிதிச்சு ஏற வேண்டாம், பாதை இருக்கிற இடத்துல மட்டும்). போலராய்டு கண்ணாடி அவசியம். வெளிர் பச்சையும் வெள்ளை நுரையும் தெரிஞ்சா அது திட்டு. கரும்பச்சையா, அலை உடையாம இருந்தா அது ஆழம். கரைக்கு இணையா நீளமா ஒரு கரும்பச்சைப் பட்டை, அது ஒரு முனையில கடலுக்குள்ள திறக்குது, வெளித்திட்டுல அலை உடைஞ்சு அந்த நுரை உள்ள சரியுது. இதுதான் வேணும். இடத்தை போன்ல குறிச்சுக்கோங்க, ஏன்னா தண்ணி ஏறின பிறகு எல்லாம் ஒரே மாதிரி தெரியும்.

டெய்லர் நுரைக்கு அடியில நிக்கும். நுரையும் கட்டரும் சேர்ற விளிம்புல போடுங்க, கட்டரோட நட்டநடுவுல இல்ல. தண்ணி ஏறிட்டு இருக்கிறப்போ, அதுவும் சூரியன் மறையறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாலருந்து இருட்டின பிறகு ஒரு மணி நேரம் வரைக்கும். விடியலும் அப்படியே.

ஆகஸ்ட்ல மேற்கத்திக் காத்து அடிச்சா யோகம். தீவுலருந்து கடலுக்கு அடிக்கிற காத்து, அலை படுத்துடும், தூரமா எறியலாம். தென்கிழக்குக் காத்து 20 நாட் வேகத்துக்கு (மணிக்குச் சுமார் 37 கி.மீ) மேல போனா தூண்டிலை வச்சுட்டுச் சீட்டாடலாம்.

மண்மூடி | 13 ஜூலை 2024, இரவு 9.45

மேல 18-ன்னு எழுதினதுக்கு ஒரு பின்குறிப்பு. அது சாமான் அதிகமில்லாத வண்டிக்கு. கூரை மேல கூடாரம், பின்னால 60 லிட்டர் தண்ணி, ஃபிரிட்ஜ், ரெண்டு பேர்னா பின் டயருக்கு 20 வைக்கலாம், முன்னால 18. இந்தியன் ஹெட் பைபாஸ் மாதிரி இடத்துல 15, 16. மாட்டிக்கிட்டா 12 வரைக்கும் இறக்கி வெளிய வந்ததும் உடனே ஏத்தணும். 12-ல ஸ்டீயரிங்கை வேகமா ஒடிச்சா டயர் ரிம்மை விட்டு உருவிக்கும்.

இன்னொண்ணு, இதை நிறைய பேர் கவனிக்கிறதில்ல. பிரிஸ்பேன்லருந்து மூணு மணி நேரம் ஓட்டிட்டு வந்து நின்னதும் டயர் சூடா இருக்கும், காலையில 34 இருந்தது 38 காட்டும். அந்தச் சூட்டுல 18-க்கு இறக்கினா மறுநாள் விடியக்காலம் குளிர்ல 15 சொச்சம்தான் இருக்கும். பஞ்சரோன்னு பயந்துடாதீங்க. சூட்டுல 20 வச்சு, மறுநாள் காலையில அளந்து சரி பண்ணிக்கிறதுதான் எனக்குப் பிடிச்ச முறை.

காத்து குறைச்சா டயர் அகலமாகுதுன்னு சொல்வாங்க. அகலம் கொஞ்சம்தான். நீளம்தான் கூடுது, ராணுவ டாங்கியோட சங்கிலி மாதிரி தரையில நீளமாப் படியுது. அதனாலதான் அகல டயர் போடாதவனும் மணல்ல நல்லா போறான்.

தெற்கு_அலை | 14 ஜூலை 2024, காலை 7.55

எஸ்யூவி வேண்டாம்னு முடிவாச்சு. நண்பன் முகத்தைத் தூக்கி வச்சிருக்கான், அது வேற கதை. இன்னொரு நண்பரோட ஹைலக்ஸ் வருது. அப்போ ரெண்டு வண்டி.

புதைஞ்ச வண்டியை இழுக்கிறதுக்கு ஸ்னாட்ச் ஸ்ட்ராப் (இழுபட்டு மீள்ற பட்டை) வாங்கணும். கடையில 11,000 கிலோ ஸ்ட்ராப் இருக்கு, பெருசா வாங்கிட்டா பாதுகாப்புதானே? ஹைலக்ஸ்ல டோ பால் (டிரெய்லர் மாட்டுற உருண்டை) இருக்கு, அதுல மாட்டிக்கலாம்.

டீசல்_கருப்பு | 14 ஜூலை 2024, காலை 8.02

டோ பால்ல மாட்டவே மாட்டாதீங்க. மத்ததை மதியம் எழுதுறேன், இதை மட்டும் இப்பவே படிச்சுடுங்க. அந்த உருண்டை நேரா, மெதுவா டிரெய்லர் இழுக்கச் செஞ்சது. ஸ்ட்ராப் விண்ணுன்னு இழுபட்டு அந்த உருண்டை உடைஞ்சா தோட்டா மாதிரி பின் கண்ணாடியைத் துளைச்சுக்கிட்டு ஓட்டுறவர் தலைக்கு வரும். இந்த நாட்டுல ஆள் செத்திருக்காங்க.

டீசல்_கருப்பு | 14 ஜூலை 2024, மதியம் 12.40

ஸ்ட்ராப் அளவு: ரெண்டு வண்டியில எது லேசோ, அதோட மொத்த எடைக்கு (ஆளும் சாமானும் சேர்த்து அனுமதிச்ச எடை) ரெண்டுலருந்து மூணு மடங்கு. ஹைலக்ஸோ பிராடோவோ ஏறக்குறைய 3,000 கிலோன்னு வச்சுக்கோங்க. 6,000-க்கும் 9,000-க்கும் நடுவுல வருது. 8,000 கிலோ, 9 மீட்டர் ஸ்ட்ராப் போதும். 11,000 வாங்கினா பாதுகாப்பு கூடாது, குறையும். ஸ்னாட்ச் ஸ்ட்ராப்போட வேலையே இழுபட்டு மீள்றது. தடிச்ச ஸ்ட்ராப் உங்க எடைக்கு இழுபடாது, அந்த அடி முழுக்க கொக்கியிலயும் சேஸிலயும் இறங்கும்.

மாட்டுற இடம்: கம்பெனி முன்னால கொடுத்திருக்கிற வளையம் பெரும்பாலும் கப்பல்லயும் லாரியிலயும் கட்டி வைக்கத்தான். இழுக்கிறதுக்குன்னே எடை குறிச்ச ரெக்கவரி பாயிண்ட் வாங்கி, சேஸில போல்ட் போட்டு மாட்டணும். பின்னால டோ பார் சதுரக் குழாய்க்குள்ள சொருகுற ரெக்கவரி ஹிட்ச் கிடைக்குது, எடை எழுதினதா பார்த்து வாங்குங்க.

ஷேக்கிள் (ஸ்ட்ராப்பை ரெக்கவரி பாயிண்ட்ல கோக்குற இரும்பு வளையம்): 3.25 டன் அல்லது 4.75 டன் வில் ஷேக்கிள். அதோட திருகாணியை முழுசாத் திருகி, கால் சுத்து பின்னால திருப்பி விடணும், இல்லன்னா இழுத்த பிறகு கழட்ட முடியாது. இப்போ நிறைய பேர் கயிறு ஷேக்கிளுக்கு மாறிட்டாங்க. எனக்கும் அதுதான் பிடிக்கும். அறுந்தாலும் இரும்பு பறக்காது. ஆனா மணல் புகுந்த கயிறு உள்ளுக்குள்ளயே அரைபட்டுப் போகும், பயன்படுத்தின பிறகு நல்ல தண்ணியில அலசணும்.

இழுக்கிற விதம்: முதல்ல தோண்டுங்க. நாலு சக்கரத்துக்கு முன்னாலயும் (எந்தப் பக்கம் வெளிய வரணுமோ அந்தப் பக்கம்), வயித்துக்கு அடியிலயும். காத்தை 15-க்கு இறக்குங்க. பாதித் தடவை இதோடயே வெளிய வந்துடும். வரலன்னாதான் ஸ்ட்ராப். ரெண்டு வண்டிக்கும் நடுவுல ரெண்டு மூணு மீட்டர் தொய்வு விட்டு, ஸ்ட்ராப்பை வளைச்சுப் போடுங்க. நடுவுல, அறுந்தா ஸ்ட்ராப் துள்ளாம இருக்க, டாம்பர் போர்வை, இல்லன்னா கனமான ஈரச் சாக்கு. மத்தவங்க எல்லாரும் ஸ்ட்ராப் நீளத்துக்கு ஒன்றரை மடங்கு தள்ளி, பக்கவாட்டுல. இழுக்கிற வண்டி மெதுவாக் கிளம்பணும். மாட்டின வண்டியும் அதே நேரம் ரெண்டாவது கியர்ல லேசா முடுக்கணும். ஒரே அடியில வரலன்னா மறுபடியும் தோண்டணும், வேகத்தைக் கூட்டக்கூடாது.

பாக்குநீரிணை | 14 ஜூலை 2024, மாலை 4.30

ரெண்டு ஸ்ட்ராப்பை இணைக்க வேண்டி வந்தால் நடுவிலை இரும்பு ஷேக்கிள் போடக்கூடாது. ஒண்டின்ரை கண்ணுக்குள்ளாலை மற்றதைக் கோத்து, முடிச்சு இறுகாமல் இருக்க நடுவிலை சுருட்டின சஞ்சிகை ஒண்டை வையுங்கோ. பழைய ஆனந்த விகடனுக்கு இப்பிடியும் ஒரு பிரயோசனம் இருக்கு.

மண்மூடி | 14 ஜூலை 2024, மாலை 6.10

ரெக்கவரி பலகை (மேக்ஸ்டிராக்ஸ் மாதிரி) ரெண்டு சோடி இருந்தா மேல கருப்பு எழுதின பாதி தேவைப்படாது. ஆனா ஒண்ணு. பலகையைச் சக்கரத்துக்கு அடியில நல்லா நெருக்கித் தோண்டிச் சொருகணும், சக்கரம் சுத்தாம ஏறணும். சக்கரம் சுத்தினா அந்தப் பிளாஸ்டிக் பல்லெல்லாம் நாலு விநாடியில உருகி வழுக்கையாயிடும். கரையில வழுக்கைப் பலகையோட ஒருத்தரைப் பார்த்தா விசாரிக்கவே வேண்டாம், என்ன நடந்ததுன்னு தெரியும்.

ஓட்டுறப்போ டிராக்ஷன் கண்ட்ரோலை அணைச்சுடுங்க. மெது மணல்ல சக்கரம் லேசா வழுக்கித்தான் ஆகணும். அந்தக் கம்ப்யூட்டர் ஆபத்துன்னு நினைச்சு இன்ஜினை அமுக்கிடும், உந்துதல் போயிடும், புதைஞ்சுடுவீங்க. நிறுத்தும்போது பிரேக் போடாம உருண்டு நிக்க விடுங்க, முடிஞ்சா சரிவுல கீழ்நோக்கி. பிரேக் போட்டா நாலு சக்கரத்துக்கு முன்னாலயும் மணல் குவியும், அதைத் தாண்டித்தான் மறுபடி கிளம்பணும்.

தெற்கு_அலை | 16 ஜூலை 2024, இரவு 10.20

டைட் எப்படிப் பார்க்கிறது? ஹை டைட்டுக்கு ரெண்டு மணி நேரம் முன்னயும் பின்னயும் ஓட்டாதேன்னு போட்டிருக்கு. ஹூக் பாயிண்ட்லருந்து இந்தியன் ஹெட் எவ்வளவு நேரம்?

மண்மூடி | 17 ஜூலை 2024, காலை 6.50

கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். கிழக்குக் கரையில உச்ச வேகம் 80. கேம்ப், ஓடை, ஜனம் இருக்கிற இடத்துல பலகை பார்த்துக் குறைக்கணும். உள் பாதையில 30. இந்தக் கரையே பதிவுபெற்ற சாலை, தார் ரோட்டு விதி எல்லாம் செல்லும்: பெல்ட், குடிச்சுட்டு ஓட்டுறது, எல்லாம். போலீஸ் ஊதச் சொல்லும். கூடுதலா ஒண்ணு, விமானம் இறங்கும். சின்ன விமானம் கரையிலயே இறங்கி ஏறும், வழி விடணும்.

80-ன்னு போட்டிருக்கிறதை இலக்கா எடுத்துக்காதீங்க. ஓடை கடலுக்குப் போற இடத்துல மணலை அரிச்சு செங்குத்தா வெட்டியிருக்கும். முழங்கால் உயரம், சில நாள் இடுப்பு உயரம். வெயில் நேரா இருந்தா நிழல் விழாது, இருபது மீட்டர் பக்கத்துல வர்ற வரைக்கும் தெரியாது. சஸ்பென்ஷன் ஒடியறது இங்கதான், பாறையில இல்ல. ஈலை கிரீக் மாதிரி பெரிய ஓடை மணிக்கு நாற்பது லட்சம் லிட்டர் தண்ணி தள்ளுது. அந்தத் தண்ணி எப்பவும் ஒரே இடத்துல வெட்டாது, நேத்து போன தடத்தை நம்ப வேண்டாம்.

லோ டைட்டுக்கு மூணு மணி நேரம் முன்னால கிளம்பி, லோ டைட் தாண்டி ரெண்டு மணி நேரத்துக்குள்ள கேம்ப்ல இருக்கிற மாதிரி பார்ஜைக் கணக்குப் பண்ணுங்க. தப்பிடுச்சுன்னா ஹூக் பாயிண்ட்லருந்து டில்லி வில்லேஜ் பக்கம் வரைக்கும் உள் பாதை ஒண்ணு இருக்கு, மெதுவா போகலாம்.

பாக்குநீரிணை | 17 ஜூலை 2024, இரவு 8.15

அட்டவணையை மட்டும் நம்பிப் போகாதேங்கோ. அது சந்திரன், சூரியன் கணக்கு மட்டும்தான். காத்தும் அலையும் அதிலை இல்லை. வெளியிலை தாழமுக்கம் ஒண்டு நிண்டு பெரிய அலை வந்தால், லோ டைட்டிலையும் கரை ஒடுங்கித்தான் கிடக்கும். அலை உயர முன்னறிவிப்பையும் சேர்த்துப் பார்க்கவேணும்.

உங்கடை திகதிக்கு: ஆகஸ்ட் 20 பூரணை, 26 தேய்பிறை அரை நிலா. அப்ப நீங்கள் நிக்கிற நாட்களிலை ஏத்தமும் வத்தமும் சின்னன். தண்ணி பெரிசா ஏறாது, ஆனா பெரிசா வத்தவும் மாட்டுது. அதாலை கெட்டி மணல் பட்டை பூரணைக்கு இருக்கிற அளவு அகலமா இராது. ரெண்டு மணித்தியாலத்தை மூண்டு எண்டு எடுங்கோ. நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிசம் பிந்தும், நாலு நாள் கழிச்சுத் திரும்பேக்கை முதல்நாள் நேரத்தை நம்பி நிக்காதேங்கோ.

பொயுங்கன் ராக்ஸிலை பாறையைச் சுத்தி கடல் பக்கம் போகலாம் போலத் தெரியும். போகாதேங்கோ. அது கோப்பி நிறத்திலை, பாசி பிடிச்சு, வழுக்கும். பின்னாலை பைபாஸ் இருக்கு.

தூண்டில்காரி | 19 ஜூலை 2024, இரவு 9.00

சாமான். 12 அடி ராடும் ஆல்வி ரீலும் தான் அந்தக் கரைக்கு. ஆல்வி 1920-ல பிரிஸ்பேன்ல தொடங்கின கம்பெனி. பக்கவாட்டுல திருப்பி எறியற ரீல். உள்ளே பல்சக்கரமே இல்லாததால மணல்ல விழுந்தாலும் ஒரு வாளித் தண்ணியில முக்கி எடுத்தா தீர்ந்தது. விலை கூடின ஸ்பின்னிங் ரீல் ஒரே அலையில கரகரன்னு ஆயிடும். ஆல்விக்கு ஒரே குறை, எறியும்போது நரம்பு முறுக்கும். அதனால ஈயத்துக்குக் கீழே நல்ல சுழல் வளையம் கட்டாயம். நரம்பு 7-லருந்து 10 கிலோ மோனோ.

கட்டுறது: 4/0 முள் மூணை ஒண்ணோட கண்ணுல அடுத்ததைக் கோத்துச் சங்கிலியாக்கணும். மேல அரை மீட்டர் கனமான நரம்பு, சுழல் வளையம், அதுக்கு மேல ஓடுற உருண்டை ஈயம் (கடல் படுத்திருந்தா 30 கிராம், அலை இழுத்தா 60). இரை முழு மத்தி. முள்ளை முதல்ல மீன் பக்கத்துல வச்சு அளந்து பாருங்க. மேல் முள் கண்ணு வழியா வரணும், மத்த ரெண்டும் முதுகோரமா, மீன் வளையாம. வளைஞ்சா இழுக்கும்போது சுத்தும், சுத்துற இரையை டெய்லர் தொடாது. கம்பி வேண்டாம், முள் சங்கிலியே பல்லுக்குத் தாங்கும்.

போட்டுட்டு உட்கார்ந்துடாதீங்க. மெதுவா, நரம்பு தொய்யாம, இழுத்துக்கிட்டே இருக்கணும். டொக்டொக்னு கடிக்கும்போது வெட்டி இழுக்காம, கனம் ஏறின பிறகு இழுங்க.

அளவு: டெய்லர் 35 செ.மீ-க்குக் குறைஞ்சா திருப்பி விடணும், ஆளுக்கு 20. முல்லோவே (நம்ம கத்தாழை இனம்) கட்டர்ல ராத்திரி வரும், 75 செ.மீ, ஆளுக்கு ரெண்டு. பகல்ல போரடிச்சா கரைக்குப் பக்கத்து ஆழமில்லாத பள்ளத்துல சின்ன முள்ளுல கிழங்கான், 23 செ.மீ. அளவுகோல் கையில இருக்கட்டும். கரையில நின்னு பிடிக்க லைசென்ஸ் வேண்டாம். போறதுக்கு முந்தின நாள் அரசாங்கத்தோட மீன்பிடி செயலியில ஒரு தடவை சரிபாருங்க, விதி மாறும்.

தூண்டில்காரி | 19 ஜூலை 2024, இரவு 9.12

விட்டுப்போச்சு. டெய்லரைப் பிடிச்ச உடனே தொண்டையை வெட்டி ரத்தம் வடிய விடணும், ஐஸும் கடல் தண்ணியும் சேர்ந்த கலவையில போடணும். சதை மெத்துனு, வெயில்ல அரை மணி நேரம் கிடந்தா மாவாயிடும். ஃப்ரீசர்ல வச்சு வீட்டுக்குக் கொண்டுபோற மீன் இல்ல இது. அன்னிக்கே தின்னணும். குழம்புல போட்டா கரையும், மிளகாய்த்தூள் மஞ்சள்தூள் போட்டு வறுத்தா ராஜா.

தெற்கு_அலை | 20 ஜூலை 2024, காலை 10.30

அப்போ கேம்ப்லயே சுத்தம் பண்ணி, வறுத்து, மிச்சத்தைக் கடல்ல எறிஞ்சுடலாம்.

பாக்குநீரிணை | 20 ஜூலை 2024, மதியம் 12.05

வேண்டாம் தம்பி. டிங்கோ (காட்டு நாய்) இருக்கு. மீன் மணம் கேம்ப்புக்கு வந்தால் அது பின்னாலை வரும். கழிவைக் கடல் பக்கம், ஹை டைட் கோட்டுக்குக் கொஞ்சம் கீழை, ஆகக்குறைஞ்சது அரை மீட்டர் ஆழத்துக்குத் தோண்டிப் புதையுங்கோ. அரை மீட்டர் எண்டால் மண்வெட்டியின்ரை தகடு ரெண்டு தரம் முழுசா இறங்கவேணும். மேலாலை மண்ணைத் தட்டிவிட்டு வந்தால் அண்டிரவே கிண்டி எடுக்கும்.

இரைப்பெட்டி, ஐஸ்பெட்டி, குப்பை, மீன் துடைச்ச துணி எல்லாம் வாகனத்துக்குள்ளை பூட்டவேணும். ஐஸ்பெட்டி மூடியை வாயாலை திறக்கத் தெரியும் அதுக்கு. கூடாரத்துக்குள்ளை சாப்பாடு ஒண்டும் வைக்கப்படாது, பற்பசை கூட. சாப்பாடு குடுத்தால் பெரிய அபராதம். இருட்டிலை தூண்டிலுக்குத் தனியப் போகாதேங்கோ, கையிலை ஒரு தடி இருக்கட்டும். கிட்ட வந்தால் ஓடாமல், முகம் பார்த்துக்கொண்டு மெல்லப் பின்னாலை வாங்கோ.

மண்மூடி | 20 ஜூலை 2024, மதியம் 2.20

அதனாலதான் நான் டண்டுபாரா முகாமைச் சொல்றேன். டிங்கோ வேலி போட்டது, தண்ணி, கழிவறை உண்டு. கரையோர முகாம் மண்டலத்துல பெரும்பாலும் வேலி இல்ல, ஒண்ணும் இல்ல, அழகு மட்டும் இருக்கு. நெருப்பு மூட்டணும்னா டண்டுபாராவும் வாடி பாயிண்ட்டும்தான், அங்க வச்சிருக்கிற வளையத்துக்குள்ள மட்டும். காட்டு விறகு பொறுக்கக்கூடாது, அறுத்த சுத்தமான மரத்துண்டு வாங்கிட்டுப் போகணும். வண்டி அனுமதி தனி, முகாம் அனுமதி தனி. ரெண்டும் தீவுக்குப் போகும் முன்னாலயே எடுக்கணும்.

தூண்டில்காரி | 20 ஜூலை 2024, மாலை 7.40

கரையோரம்தான் சரி. டண்டுபாராவுலருந்து தினம் ரெண்டு வேளை வண்டி எடுத்துக்கிட்டு கட்டர் தேடப் போறதுக்கு, கட்டர் பக்கத்துலயே கூடாரம் அடிச்சா டைட் பத்திக் கவலையே இல்லாம விடியக்காலம் இறங்கலாம். சின்னப் பிள்ளைங்க கூட வந்தா மட்டும் வேலி வேணும்.

மண்மூடி | 20 ஜூலை 2024, இரவு 8.05

மழை பெய்யட்டும், அப்புறம் பேசுவோம்.

டீசல்_கருப்பு | 22 ஜூலை 2024, மாலை 6.30

திரும்பி வந்த பிறகு. உப்பை ரெயின்போ பீச்லயே கழுவுங்க, வீட்டுக்கு வந்து ஞாயித்துக்கிழமை கழுவலாம்னு விட்டா சேஸி குழாய்க்குள்ள ஈர மணல் உட்கார்ந்துடும். அடிப்பக்கம் தெளிக்கிற இடத்துல ரெண்டு தடவை மெதுவாப் போங்க. வீட்டுல சேஸியில இருக்கிற ஒவ்வொரு ஓட்டைக்குள்ளயும் ஹோஸை விட்டு, வர்ற தண்ணி தெளியற வரைக்கும். ரேடியேட்டரை உள்ளேருந்து வெளிய நோக்கி, அழுத்தம் குறைச்சு. பிரஷர் வாஷரை பேரிங் சீல் மேலயும் ரேடியேட்டர் துடுப்பு மேலயும் காட்டாதீங்க, மணலை உள்ள தள்ளும். பின் சக்கரம் டிரம் பிரேக்னா (ஹைலக்ஸ் பாருங்க) டிரம்மைக் கழட்டி மணலைக் கொட்டணும், இல்லன்னா ஷூ டிரம்மைத் தேய்ச்சுடும். கிரீஸ் நிப்பிள் இருக்கிற இடமெல்லாம் பழசு வெளிய வர்ற வரைக்கும் அடிங்க.

போறதுக்கு முன்னால டிஃப் (அச்சுல இருக்கிற டிஃபரன்ஷியல் பல்சக்கரப் பெட்டி) பிரீத்தர் குழாய், அதாவது அது மூச்சு விடுற குழாய், அடைச்சிருக்கான்னு பாருங்க. சூடான டிஃப் ஓடைத் தண்ணியில திடீர்னு குளிர்ந்தா உள்ளே வெற்றிடம் உண்டாகும். பிரீத்தர் வேலை செய்யலன்னா சீல் வழியா தண்ணியை உறிஞ்சும். எண்ணெய் பால்காப்பி நிறத்துல இருந்தா அதுதான் நடந்திருக்கு.

தெற்கு_அலை | 30 ஆகஸ்ட் 2024, இரவு 9.35

போயிட்டு வந்தாச்சு. 18, டண்டுபாரா, டெய்லர், எல்லாம் நீங்க சொன்ன மாதிரியே. ஒரு கேள்வி மட்டும்: டயருக்குக் காத்து ஏத்துற கம்ப்ரசரை சிகரெட் லைட்டர்ல சொருகினா ஃபியூஸ் போகுது. 12 வோல்ட், பெட்டியில 30 ஆம்ப்னு போட்டிருக்கு. பெரிய ஃபியூஸ் போட்டுடலாமா?

டீசல்_கருப்பு | 30 ஆகஸ்ட் 2024, இரவு 9.41

கூடாது. லைட்டர் வயர் 10, 15 ஆம்ப்புக்குப் போட்டது. 30 ஃபியூஸ் போட்டா ஃபியூஸ் போகாது, வயர் எரியும். கிளிப்பை நேரா பேட்டரியில மாட்டுங்க, சிவப்பு வயர்ல பேட்டரிக்குப் பக்கத்துலயே 40 ஆம்ப் ஃபியூஸ். இன்ஜின் ஓடிட்டே இருக்கட்டும். ஒவ்வொரு ரெண்டு டயருக்கும் நடுவுல கம்ப்ரசரை ஆற விடுங்க, தலை கை வைக்க முடியாத சூட்டுல ஓட்டினா பிஸ்டன் வளையம் போயிடும்.